குப்பத்துக்கு ஒரு ஸ்பானிஷ் வாத்தியார்

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் ஸ்பானிஷ் மொழி உயர்நிலைத் தேர்வுக்கான பயிற்சி வகுப்புகளை அரசு உடனடியாகத் தொடங்க வேண்டும். கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஜமீலாபாத், லைட்ஹவுஸ் குப்பம் என்று குப்பத்துக்கு ஒரு வாத்தியார் போதும். கட்டடம் கேட்கவில்லை, காலை ஏலம் முடிந்துவிட்டால் மீன் இறக்கும் இடம் காலிதான், கழுவிவிட்டு உட்கார்ந்துகொள்வார்கள். கரும்பலகையும் வேண்டாம், கரையில் கவிழ்த்துப்போட்ட படகின் முதுகு இருக்கிறது.

சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிட்டு, தேசிய கல்விக் கொள்கை 2020ஐ ஒருமுறை புரட்டிப் பாருங்கள். கொரியன், ஜப்பானியம், தாய், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், போர்த்துகீசியம், ரஷ்யன் என்று எட்டு அந்நிய மொழிகளைப் பெயர் சொல்லி, உயர்நிலை வகுப்புகளில் கற்பிக்கலாம் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். 2019 வரைவில் சீனமும் இருந்தது. 2020 ஜூனில் கல்வானில் சண்டை வந்தது, ஜூலையில் வந்த இறுதிப் பிரதியில் சீனம் காணாமல் போயிருந்தது. எல்லையில் கைகலப்பு நடந்தால் இலக்கணமும் துரோகியாகிவிடும் போலிருக்கிறது. போகட்டும். பட்டியலில் ஆறாவதாக ஸ்பானிஷ் பத்திரமாக இருக்கிறது. உலகப் பண்பாடுகளைப் பிள்ளைகள் அறிந்துகொள்ள வேண்டுமாம். அந்தப் பிள்ளைகளில் பழவேற்காட்டுப் பிள்ளைகள் சேர்த்தியில்லை என்று கொள்கையில் எங்கும் எழுதவில்லை. ஆகவே கேட்கிறேன்.

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். அந்தக் கொள்கையோடு முடிச்சுப் போட்ட பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்பதற்காக, 2024-25ஆம் ஆண்டுக்குரிய சமக்ர சிக்ஷா நிதி ₹2,152 கோடியை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. எட்டு நாட்டுச் சாப்பாட்டின் பெயரைப் பலகையில் எழுதிவிட்டு, இலையை உருவிக்கொண்டு போவதற்கு இந்த நாட்டில் கல்விக் கொள்கை என்று பெயர். அந்த நிதியில் சம்பளம் வாங்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். ஸ்பானிஷ் வாத்தியாருக்கு முன்னால் அவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். சரி, நம் வாத்தியார் பின்னால் நிற்கட்டும்.

மீனவக் குப்பத்துக்கும் ஸ்பெயினுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. 1612இல் பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் போட்டிருந்த பண்டகசாலையைச் சாந்தோமிலிருந்து வந்த போர்த்துகீசியர் தாக்கி அழித்தார்கள். அப்போது போர்த்துகலும் ஸ்பெயினும் ஒரே முடியின் கீழ் இருந்தன. அந்த முடி ஸ்பெயின் அரசன் மூன்றாம் பிலிப்பின் தலையில் இருந்தது. ஆக, ஸ்பானிய அரசனின் குடிகள் நானூறு வருஷத்துக்கு முன்பே இங்கே வந்து செய்முறைத் தேர்வை முடித்துவிட்டுப் போய்விட்டார்கள். மறு ஆண்டே டச்சுக்காரர்கள் கெல்ட்ரியா கோட்டையை எழுப்பினார்கள். அங்கிருந்து துணி போனது, வெடிமருந்து போனது, கப்பல் கப்பலாக அடிமைகளும் படேவியாவுக்குப் போனார்கள். டச்சுக் கல்லறைத் தோட்டத்தில் வணிகருக்கும் அதிகாரிகளுக்கும் பூவேலை செய்த கற்கள் நிற்கின்றன. தொல்லியல் துறை அவற்றைக் காக்கிறது. கப்பலில் ஏற்றப்பட்டவர்களுக்குக் கல் கிடையாது.

1632 முதல் பத்தாண்டு அங்கே பாதிரியாக இருந்த ஆபிரகாம் ரோஜேரியுஸ், பத்மநாபன் என்ற பிராமணரிடம் உட்கார்ந்து இந்து சமயத்தைப் பற்றிக் கேட்டு எழுதிக்கொண்டார். பர்த்ருஹரியின் பாடல்களையும் அவர் சொல்லத்தான் இவர் எழுதினார். ஒருவருக்குத் தமிழும் வடமொழியும், மற்றவருக்கு டச்சு. நடுவில் பாலமாக நின்றது போர்த்துகீசியம், ஸ்பானிஷின் கூடப்பிறந்த மொழி. பழவேற்காட்டில் நடந்த அந்த வாய்மொழித் தேர்வில் தேறியவர் பத்மநாபன். 1651இல் லைடனில் அச்சான புத்தகத்தின் அட்டையில் இருப்பது பாதிரியின் பெயர். சொல்லிக்கொடுக்கிறவன் கரையிலும் சான்றிதழ் வாங்குகிறவன் கடலுக்கு அப்பாலும் இருப்பது பழவேற்காட்டின் பழைய வழக்கம்.

இன்னும் ஒன்று. இந்தக் கரையின் கைக்குட்டைத் துணிகள் மணிலா போய், அங்கிருந்து ஸ்பானியக் கப்பல்களில் அகபுல்கோ துறைமுகத்தில் இறங்கிய காலம் ஒன்று இருந்தது. மெக்சிகோவில் இன்றும் தலையிலும் கழுத்திலும் கட்டுகிற பூப்போட்ட துணிக்கு 'பாலியகாத்தே' என்று பெயர். அது பழவேற்காட்டின் பெயரிலிருந்து வந்தது என்று ஒரு சாராரும், மெக்சிகோவின் பழங்குடி மொழியான நாவாவிலிருந்து வந்தது என்று இன்னொரு சாராரும் சண்டை போடுகிறார்கள், போடட்டும். துணி அங்கே போனதில் சண்டையில்லை. மெக்சிகோ விடுதலைப் போரின் தலைவர் மொரெலோஸ் அதைத் தலையில் கட்டித்தான் பெரும்பாலான ஓவியங்களில் நிற்கிறார். 1994 ஜனவரி 1ஆம் தேதி, வட அமெரிக்கத் தடையற்ற வணிக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த அதே நாளில், சியாபாஸ் மலைகளில் எழுந்த ஜபதிஸ்தாக்கள் பலர் அதே துணியால்தான் முகத்தை மறைத்துக்கொண்டு வந்தார்கள். எங்கள் நிலத்தைப் பற்றி எங்களைக் கேட்காமல் கையெழுத்துப் போட நீங்கள் யார் என்பதுதான் அவர்கள் கேட்டது. பழவேற்காட்டில் அதே கேள்வியை, பக்கத்துத் துறைமுகத்தின் விரிவாக்கத்தைப் பற்றி, முகத்தை மறைக்காமல், வெற்றுத்தலையோடு கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கேட்பாரில்லை.

இவ்வளவு பாரம்பரியம் உள்ள ஊரில் ஸ்பானிஷ் வகுப்பு கிடையாது. அது சென்னையில் இருக்கிறது.

சென்னையில் அந்நிய மொழி படிப்பதற்கு நீண்ட மரபு உண்டு. மொழிக்காக அல்ல, மார்க்குக்காக. மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்புவரை தமிழைக் கட்டாயமாக்க 2006இல் சட்டம் கொண்டுவந்தோம். பிளஸ் ஒன் வாசலில் காலை வைத்ததும் தமிழைத் தலைமுழுகிவிட்டு பிரெஞ்சு எடுத்த தலைமுறைகளும் நம்முடையவைதான். விக்டர் ஹியூகோ மேல் காதல் என்று நினைத்துவிடாதீர்கள். தமிழில் பத்து மார்க்கு குறையும் என்று டியூஷன் மாஸ்டர் சொன்னார். தமிழை முதல் மொழியாக எடுத்தவர்களுக்குத்தான் மாநில முதலிடம் என்று தனி வரிசை வைத்துத் தாய்மொழியைக் காப்பாற்ற வேண்டிய நிலையில் இருந்தது தமிழ்நாடு. 2017இல் அந்தத் தரவரிசையே ஒழிந்தது. மேடையில் தமிழ், மார்க் ஷீட்டில் பிரெஞ்சு. மேடையில் பேசியவர்களின் வீட்டுப் பிள்ளைகளுடைய மார்க் ஷீட்டுகளைக் கேட்டு வாங்கிப் பார்க்க எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

இப்போது படி ஏறியிருக்கிறது. அமெரிக்கக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைகளுக்கு ஏ.பி. தேர்வுகள் இருக்கின்றன, காலேஜ் போர்டு நடத்துகிறது, ஒவ்வொரு மே மாதமும் வரும், ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பெண். அமெரிக்காவுக்கு வெளியே ஒரு பாடத்துக்கே நூறு டாலருக்கு மேல் கட்டணம். அந்தப் பட்டியலில் 'ஸ்பானிஷ் மொழியும் பண்பாடும்' ஒன்று. ஆறு பொதுத் தலைப்புகள் வைத்திருக்கிறார்கள். குடும்பம், அழகு, அறிவியல் என்று போகிற அந்த வரிசையில் 'உலகளாவிய சவால்கள்' என்ற தலைப்பும் உண்டு. பயிற்சி வகுப்புக்கு இது தங்கச் சுரங்கம். ஞாயிற்றுக்கிழமை காரில் பழவேற்காடு வந்து, பூநாரையைப் படம் பிடித்து, கல்லறை வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூட்டோடு செல்ஃபி எடுத்து, நண்டு மசாலா சாப்பிட்டுத் திரும்பினால் போதும். 'அழிந்துவரும் மீனவ வாழ்க்கை' என்று இரண்டு நிமிடப் பேச்சு தயார். குப்பத்தின் துயரம் அங்கே ஐந்துக்கு ஐந்து வாங்கும். குப்பத்துக்கு அந்த மதிப்பெண்ணில் பங்கு கிடையாது. நண்டுக்குக் கொடுத்த காசு உண்டு, அதிலும் பேரம் பேசியிருப்பார்கள்.

துயரத்தை வைத்திருக்கிறவர்களே தேர்வை எழுதினால் என்ன? பல ஆண்டுகளாக இருந்துவந்த வினாத்தாள் வடிவத்தை எடுத்துப் பார்த்தேன். இவர்கள் புதிதாகப் படிக்க வேண்டியது அதிகம் இல்லை.

கொள்குறி வினாக்கள் 65. அதை விடுங்கள். நான்கு விடைகளில் எதைத் தொட்டாலும் தப்பாகிற அனுபவம் தேர்தல்தோறும் அவர்களுக்குக் கிடைக்கிறது.

அடுத்து, ஒரு மின்னஞ்சலுக்கு 15 நிமிடத்தில் பதில். பணிவான நடையில் எழுத வேண்டும். மரியாதை விளி தவறினால் மார்க்கு போய்விடும். குப்பத்தில் இது பால்குடிப் பிள்ளையும் தேறுகிற பகுதி. 'மாண்புமிகு', 'உயர்திரு', 'பெருமதிப்பிற்குரிய', 'தங்கள் பொற்பாதம் பணிந்து' என்று மூன்று தலைமுறையாக மனு எழுதியிருக்கிறார்கள். முகத்துவாரம் மணல் மூடிவிட்டது, கடல்தண்ணி உள்ளே வரவில்லை, ஏரியில் இறால் இல்லை, படகு வெளியே போக வழியில்லை. இதையே கலெக்டர் மாற மாற எழுதுகிறார்கள். வந்த பதில்கள் 'ஆவன செய்யப்படும்' என்று முடியும். ஸ்பானிஷில் நடக்காதது, நடந்தால் தேவலை என்பது, நடக்குமோ என்று ஐயப்படுவது ஆகியவற்றைச் சொல்ல வினைச்சொல்லுக்குத் தனி வடிவம் உண்டு. சென்னைப் பிள்ளைகள் தலையைப் பிய்த்துக்கொள்வது அதில்தான். குப்பத்துப் பிள்ளைகள் அந்த வடிவத்துக்குள்தான் பிறந்தார்கள்.

மூன்றாவது, வாதக் கட்டுரை. ஒரு கட்டுரை, ஓர் அட்டவணை, ஓர் ஒலிப்பதிவு என்று மூன்று ஆதாரங்கள் தருவார்கள். மூன்றையும் வைத்து 55 நிமிடத்துக்குள் தன் கட்சியை நிறுவ வேண்டும். ஆதாரங்களை நானே தருகிறேன். கட்டுரை: காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு. அட்டவணை: 2018இல் எல் அண்ட் டி-யிடமிருந்து அதானி குழுமம் வாங்கிய சுமார் 330 ஏக்கர் துறைமுகம் 6,110 ஏக்கராக வேண்டும், அதில் சுமார் 2,000 ஏக்கர் கடலைத் தூர்த்து எடுப்பது, கையாளும் சரக்கு ஆண்டுக்குச் சுமார் 25 மில்லியன் டன்னிலிருந்து 320 மில்லியன் டன், செலவு சுமார் ₹53,000 கோடி. ஒலிப்பதிவு: அலை.

ஒலிப்பதிவைப் புரிந்துகொள்ள இலக்கணம் வேண்டாம். இந்தக் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. குறுக்கே கல்லைக் கொட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அறுக்கும். மெட்ராஸ் துறைமுகம் கட்டிய பிறகு தெற்கே மெரினா அகலமானதும் வடக்கே ராயபுரம் கரை கடலுக்குள் போனதும் நூறு வருஷத்துக்கு மேலான செய்தி. மெரினாவில் சுண்டல் தின்கிறவர்கள் ராயபுரத்தின் மணலில் உட்கார்ந்து தின்கிறார்கள். காட்டுப்பள்ளிக்கு வடக்கே இருப்பது எது? பழவேற்காடு. இந்தக் கட்டுரையை எழுத 55 நிமிடம் எதற்கு?

ஆனால் முதல் ஆதாரத்தைப் படிக்க முடியாது. அது ஆங்கிலத்தில் இருக்கிறது.

இங்கேதான் நான் ஸ்பானிஷ் வாத்தியாரைக் கேட்கிறதன் நியாயம் புரியும். 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி பொதுக்கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு முன்னால் மக்களுக்கு அவர்கள் மொழியில் தர வேண்டியது சுருக்கம் மட்டும்தான். கனத்த அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தால் போதும். மணல் எந்தப் பக்கம் ஓடும், நண்டு எங்கே குஞ்சு பொரிக்கும், கரை எத்தனை மீட்டர் போகும் என்பதெல்லாம் கனத்ததில். திட்டத்தால் எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும் என்பது சுருக்கத்தில். அந்த அறிவிக்கையைத் திருத்த 2020இல் ஒன்றிய அரசு ஒரு வரைவு கொண்டுவந்தது. கருத்துச் சொல்லுங்கள் என்று நாட்டையே கேட்டுவிட்டு, ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வெளியிட்டது. 2020 ஜூன் 30 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளிலும் மொழிபெயர்க்கச் சொன்னது. அரசு என்ன செய்தது? மொழிபெயர்ப்பாளரைத் தேடியதா? உச்ச நீதிமன்றத்துக்கு வழக்கறிஞரை அனுப்பியது. மொழிபெயர்க்க ஆகிற செலவைவிட, மொழிபெயர்க்க மாட்டேன் என்று வாதாட ஆகிற செலவு அரசுக்கு இனிக்கிறது.

எட்டு அந்நிய மொழிகளைப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருவோம் என்று அந்த அரசு எழுதியது டெல்லி நீதிமன்றத்தின் ஆணைக்கு அடுத்த மாதம்.

இதே அதிகார வர்க்கத்துக்குத் தமிழ் தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடுகிற நாளில் கடலுக்குப் போகாதே என்று சொல்ல வேண்டுமா, தமிழ் தண்ணீராக வருகிறது. எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை என்று குப்பம் குப்பமாகச் செய்தி போகிறது. புயல் வருகிறது போகாதே, தடைக்காலம் வந்தது போகாதே, எல்லாம் நல்ல தமிழ். போகாதே என்பதற்குத் தமிழ் இருக்கிறது. நீ என்ன சொல்கிறாய் என்று கேட்கும்போதுதான் ஆங்கிலம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

நான்காவது பகுதி உரையாடல். எதிர்முனையில் ஒரு குரல் கேள்வி கேட்கும். ஐந்து கேள்வி, ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல 20 விநாடி, பிறகு 'பீப்'. இந்தத் தேர்வை வடிவமைத்தவர் நம் ஊர்ப் பொதுக்கருத்துக் கேட்புக் கூட்டம் ஒன்றுக்கு வந்து பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்திருக்க வேண்டும். ஷாமியானா, நெகிழி நாற்காலி, மேடையில் அதிகாரிகள், சுற்றிலும் காக்கிச்சட்டை. மைக் முதலில் யார் யாருக்கோ போகும். திட்டம் வந்தால் வேலை வரும், வளம் வரும், நாடு முன்னேறும் என்று எழுதிக்கொண்டு வந்ததை நிறுத்தி நிதானமாகப் படிப்பார்கள். குப்பத்துக்காரர் கைக்கு மைக் வரும்போது வெயில் உச்சிக்கு வந்திருக்கும்.

"சார், மணலு வடக்கால ஓடுது சார். நீ அங்க கல்லக் கொட்னா எங்க கரை போயிடும். மொகத்துவாரம் அடச்சிக்கும். ஏரி செத்தா நாங்க இன்னா..."

பீப்.

அறிக்கையில் அது 'மீன்வளம் குறித்து ஐயம் தெரிவிக்கப்பட்டது' என்று பதிவாகும். நிறுவனத்தின் பதில் பக்கத்திலேயே இருக்கும்: 'உரிய நடவடிக்கை எடுக்கப்படும்.' முழு மதிப்பெண் யாருக்கு என்று கேட்காதீர்கள்.

காட்டுப்பள்ளி விரிவாக்கத்துக்கான கூட்டமோ இன்னும் விசித்திரம். 2021 ஜனவரி 22 என்று நாள் குறித்தார்கள், கொரோனாக் காலத்தின் நடுவில். எதிர்ப்பு எழுந்ததும் ஒத்திவைத்தார்கள். அதே ஆண்டு தேர்தலில், இந்தத் திட்டத்தை வரவிடமாட்டோம் என்று மேடையேறிச் சொன்ன கட்சி ஆட்சிக்கு வந்தது. 2023இல் அந்த ஆட்சியின் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே செப்டம்பர் 5 என்று மறுபடியும் நாள் குறித்தது. மறுபடியும் எதிர்ப்பு, மறுபடியும் ஒத்திவைப்பு. 'ஒத்திவைப்பு' என்ற சொல்லை டெல்லிக்காரரும் கோட்டைக்காரரும் ஒரே உச்சரிப்பில் சொல்கிறார்கள். 'ரத்து' என்பதை இரண்டு பேருமே இன்னும் படிக்கவில்லை. இந்தியைத் திணிக்காதே என்று கர்ஜிக்கிற தொண்டைக்கு, அந்த ஆங்கில அறிக்கையை முழுசாகத் தமிழில் போடு என்று சொல்ல என்ன வலி? தமிழ் உணர்வு எண்ணூர் முகத்துவாரம் தாண்டி வடக்கே வராதோ?

கடைசிப் பகுதிதான் எனக்குப் பிடித்தது. பண்பாட்டு ஒப்பீடு. நான்கு நிமிடம் யோசிக்கலாம், இரண்டு நிமிடம் பேச வேண்டும். உங்கள் சமூகத்தையும் ஸ்பானிஷ் பேசும் ஒரு சமூகத்தையும் ஒப்பிட வேண்டும். சிலி நாட்டை எடுத்துக்கொள்ளலாம். அங்கே கடற்கரைச் சிறு மீனவர் ஊர்கள் உண்டு, 'கலேத்தா' என்பார்கள். ஆளாளுக்குச் சிப்பியும் நத்தையும் அள்ளி வளம் அழிந்தபோது, 1991இன் மீன்வளச் சட்டம் கடலடியின் குறிப்பிட்ட பகுதிகளைச் சிறு மீனவர் சங்கங்களிடமே ஒப்படைக்க வழிசெய்தது. நீங்களே காவல், நீங்களே அறுவடை, வெளியார் வரக்கூடாது. மீன்வள ஆய்வாளர்கள் உலகமெங்கும் மேற்கோள் காட்டுகிற ஏற்பாடு அது. 2008இல் இன்னொரு சட்டம் கடற்கரைப் பழங்குடிகளுக்கு அவர்கள் மரபாகப் பயன்படுத்திவந்த கடல் வெளியில் உரிமை கோரும் வழியைத் திறந்தது.

சிலிக்காரர்கள் 1991இல் எழுதியதைப் பழவேற்காட்டில் எழுதாமலே பல தலைமுறையாக நடத்திவந்திருக்கிறார்கள். அதற்குப் பாடு என்று பெயர். எந்தத் துறையில் எந்த நாளில் யார் வலை இறக்குவது என்பதைச் சீட்டுப் போட்டு முறைவைத்துக்கொள்வார்கள். நல்ல இடம் இன்று உனக்கு, அடுத்த முறை எனக்கு. வலுத்தவன் ஏரியை வளைத்துக்கொள்ள முடியாது. அதில் குறை இல்லாமல் இல்லை. பாடு சில ஊர்ப் பட்டினவ ஆண்களின் சொத்து. கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து கையால் துழாவி இறால் எடுக்கும் இருளர் பெண்களுக்கு அதில் சீட்டு இல்லை. அதைத் திருத்தச் சொல்லிச் சண்டை போடலாம், போட வேண்டும். ஆனால் திருத்துவதற்கு முதலில் ஏரி இருக்க வேண்டும். சிலியில் மீனவர் ஏற்பாடு சட்டப் புத்தகத்தில் ஏறியது. இங்கே துறைமுக அறிக்கைகளின் வரைபடத்தில் இந்தக் கரை வெறும் கோடு.

ஸ்பானிஷ் வகுப்பு நிஜமாகவே நடந்தால், முதல் பாடமாக நான் வைக்கச் சொல்வது கவிதையோ நாவலோ கிடையாது. 2018 மார்ச்சில் கோஸ்தா ரிக்காவின் எஸ்காசூ நகரத்தில் நிறைவேறி, லத்தீன் அமெரிக்க, கரீபிய நாடுகளுக்காக எழுதப்பட்ட ஒப்பந்தம். சுற்றுச்சூழல் விஷயத்தில் மக்களுக்குத் தகவல் தர வேண்டும், முடிவெடுக்கும் முன் அவர்களைக் கேட்க வேண்டும், நீதிமன்ற வாசல் திறந்திருக்க வேண்டும் என்கிறது. பாதிக்கப்படும் மக்கள் ஆட்சிமொழி அல்லாத மொழி பேசுகிறவர்களாக இருந்தால், அவர்கள் புரிந்துகொண்டு பங்கெடுப்பதற்கான வசதியை அரசே செய்து தர வேண்டும் என்று அதன் ஏழாம் பிரிவில் எழுதியிருக்கிறது. 2021 ஏப்ரல் 22 அன்று அது நடைமுறைக்கு வந்தது. காட்டுப்பள்ளிக் கூட்டம் முதலில் நடக்கவிருந்த நாளிலிருந்து சரியாக மூன்று மாதம்.

அங்கே பாலும் தேனும் ஓடுகிறது என்று நான் சொல்லவில்லை. நிலத்துக்கும் நீருக்கும் குரல் கொடுத்தவர்களைக் கொன்றதில் கொலம்பியா பல ஆண்டுகள் உலகின் முதலிடத்தில் இருந்தது. இப்படியொரு ஒப்பந்தம் தேவைப்பட்டதற்கு அந்த மாதிரிக் கொலைகளும் ஒரு காரணம். சிலி கையெழுத்துப் போடவே 2022 ஆயிற்று. ஆனாலும் காகிதத்திலாவது இருக்கிறது. நம்மிடம் காகிதத்தில் இருப்பதும் சுருக்கம் மட்டும்தான்.

யோசித்துப் பார்த்தால், இந்தக் காரணத்தாலேயே எனக்கு வாத்தியார் கிடைக்க மாட்டார். 'ஓலா', 'கிராசியாஸ்' என்று நிறுத்திக்கொள்கிற ஸ்பானிஷ் யாருக்கும் தொல்லையில்லை. கால் சென்டருக்கு ஆகும், அமெரிக்க விண்ணப்பத்துக்கு ஆகும், கொள்கையின் பட்டியலில் அழகாகவும் இருக்கும். சட்டமும் ஒப்பந்தமும் படிக்கிற அளவுக்கு ஒரு குப்பத்துப் பிள்ளை ஸ்பானிஷ் கற்றுக்கொண்டால், அடுத்த கூட்டத்தில் மைக்கைப் பிடித்து ஏழாம் பிரிவைப் பற்றிக் கேட்கும். அந்தக் கேள்விக்கு ஐந்துக்கு எத்தனை போடுவது என்று மேடையில் இருக்கிறவர்களுக்குத் தெரியாது. பண்பாடுகளை அறிந்துகொள்ளுங்கள் என்று கொள்கை சொன்னது நடனத்தையும் சாப்பாட்டையும்தான், உரிமையை அல்ல.

வாத்தியார் வராவிட்டால் போகட்டும். காட்டுப்பள்ளிக் கூட்டத்துக்கு இனி யார் நாள் குறித்தாலும், முழு அறிக்கையும் தமிழில் அச்சாகி, கூட்டத்துக்கு முப்பது நாள் முன்பே ஒவ்வொரு குப்பத்து ஊர்ப் பஞ்சாயத்தின் கையிலும் ஒவ்வொரு இருளர் குடியிருப்பிலும் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்கு மைக் வைத்துப் படித்துக்காட்ட வேண்டும். ராக்கெட் நாளுக்குச் செய்தி கொண்டுபோகிற ஆட்களே போதும். இதைச் செய்யாமல் போடுகிற கூட்டம் கூட்டமல்ல, மோசடி.

அதுவரை, சென்னையிலிருந்து பழவேற்காடு சுமார் 60 கிலோமீட்டர்தான். பூநாரை பார்க்க வருகிறவர்கள் அந்த ஆங்கில அறிக்கையையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். ஏலம் முடிந்த இடத்தில் உட்கார்ந்து, பக்கம் பக்கமாகப் படித்துத் தமிழில் சொல்ல ஆள் வேண்டும். பிளஸ் டூவில் பிரெஞ்சு எடுத்தவராக இருந்தாலும் பரவாயில்லை.